மூன்றாவது மாடியிலிருந்து தாய்லாந்து

கடை இல்லை, போர்டு இல்லை. வீட்டிலிருந்தே ஊர் ஊராக அனுப்பிவைக்கும் சென்னை அபிராமபுரத்து டிராவல் ஏஜென்டுகளின் தொழில் கணக்கு

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று தாய்லாந்து சொன்னது. 2023 நவம்பர் 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 1 முதல், மலேசியாவும் அதே வழிக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் பத்திரிகை விளம்பரத்துக்கு டிசைன் போட்டு முடிப்பதற்குள், அடுக்குமாடிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் பட்டாயா கடற்கரைப் படம் வந்து விழுந்துவிட்டது. கீழே இரண்டே வரி: பொங்கல் லீவுக்கு நான்கு இரவு, ஐந்து பகல், விசா செலவு மிச்சம்.

இப்படி அனுப்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆபீஸ் கிடையாது. சி.பி. ராமசாமி சாலையை ஒட்டிய தெருக்களில் ஏதோ ஒரு ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜைதான் கவுன்ட்டர். ஒரு லேப்டாப், இரண்டு போன், பாஸ்போர்ட் ஜெராக்ஸ் அடுக்கிய ஒரு ஃபைல். ஏர்லைன் கவுன்ட்டரில் வேலை பார்த்து, குழந்தை பிறந்ததும் விட்டவர்கள் இதில் உண்டு. கோவிட் வந்த 2020இல் டிராவல் கம்பெனி வேலை போய், இருந்த கஸ்டமர் நம்பர்களை வைத்துத் தொடங்கியவர்கள் உண்டு. வங்கியிலிருந்து ரிட்டயர் ஆகி, நண்பர்களைக் காசிக்குக் கூட்டிப்போய் அதுவே தொழிலாகிப்போனவர்களும் உண்டு.

சுற்றுலாவில் இப்போது எது டிரெண்ட் என்று கேட்டால் இணையம் நூறு பதில் தரும். தனியாகப் போகும் பெண்கள், சினிமாவில் பார்த்த இடம், ஜப்பானின் செர்ரிப் பூ என்று பட்டியல் நீளும். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிற வீட்டு ஏஜென்டுக்கு விற்பனை நடப்பதில்லை. ஊரெல்லாம் பேசும் ஆசையைத் தன் தெருவின் லீவு, பஞ்சாங்கம், முழங்கால், வயிறு நான்குக்கும் ஏற்றபடி வெட்டித் தைக்கிறவருக்கு நடக்கிறது. இதை ஒரு தீவின் கதையை வைத்துச் சொன்னால் சுலபமாக விளங்கும்.

லட்சத்தீவு தந்த பாடம்

2024 ஜனவரி 4 அன்று பிரதமர் மோடி தன் லட்சத்தீவுப் பயணப் படங்களைப் பகிர்ந்தார். அதற்கு மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் சிலர் போட்ட பதிவுகள் சண்டையாக வெடித்தன. மாலத்தீவைப் புறக்கணிப்போம் என்று குரல் எழுந்தது. ஈஸ்மைட்ரிப் நிறுவனம் மாலத்தீவு விமான டிக்கெட் விற்பதையே நிறுத்தியது. தங்கள் தளத்தில் லட்சத்தீவைத் தேடுவோர் 3,400 சதவீதம் கூடிவிட்டார்கள் என்று மேக்மைட்ரிப் அறிவித்தது.

3,400 சதவீதம்! எந்த ஏஜென்டுக்குத்தான் கை பரபரக்காது? லட்சத்தீவுக்குப் போஸ்டர் போட்டவர்கள் நிறையப் பேர். போன்களும் வந்தன. ஆனால் விற்க என்ன இருந்தது? அகத்தி ஓடுபாதை சின்னது. அப்போது கொச்சியிலிருந்து வரும் சிறிய விமானங்கள்தான் அதில் இறங்கின. இந்தியர்களுக்கே நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். கப்பலில் போகலாம் என்றால் அதுவும் கொச்சியிலிருந்துதான், இடமும் கொஞ்சம்தான். தங்கும் அறைகளோ இன்னும் குறைவு. தேடுகிறவர்கள் ஒரே நாளில் பல மடங்கு பெருகலாம். அகத்தியில் ஓர் அறை கட்டி முடிக்க வருடக்கணக்காகும்.

புத்திசாலி ஏஜென்ட் அந்த வாரம் வேறு வேலை பார்த்தார். கூப்பிட்டவர்கள் உண்மையில் கேட்பது என்ன? பாஸ்போர்ட் எடுக்காமல் நீலக் கடல் பார்க்க வேண்டும். அது சென்னைக்காரனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. மீனம்பாக்கத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் அந்தமானின் போர்ட் பிளேர். (போர்ட் பிளேர் அப்போது போர்ட் பிளேர்தான், அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.) அங்கிருந்து படகில் ஹாவ்லாக், நீல் தீவுகள். இந்தியர்களுக்கு அங்கே இறங்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. டிரெண்டின் பெயர் லட்சத்தீவு. கையில் கொடுத்த வவுச்சர் அந்தமானுடையது. இது ஏமாற்று வேலையா என்றால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டவர் மனதில் இருந்தது கடல்; தீவின் பெயர் செய்தியில் பார்த்தது.

மாலத்தீவுக்கு என்ன ஆயிற்று? 2023இல் 2 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் போனார்கள். அந்த ஆண்டு அங்கே அதிகம் பேர் போனது நம் நாட்டிலிருந்துதான். 2024இல் அது சுமார் 1.3 லட்சமாகச் சரிந்தது. அந்தத் தீவுகளை மட்டுமே நம்பி ஹனிமூன் பேக்கேஜ் ஓட்டியவர்களுக்கு அந்த ஆண்டின் முகூர்த்த சீசன் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உள்ளூரில் இதன் சின்ன வடிவம் கொடைக்கானல். 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ படம் வந்தது. அதில் வரும் குணா குகைக்குக் கூட்டம் அலைமோதியது. கோடை லீவு வருவதற்குள் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. மறு ஆண்டு ஏப்ரலிலிருந்து வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பே வந்தது: கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000. சினிமா பார்த்து ஆசைப்பட்டவருக்கு இ-பாஸ் எடுத்துக்கொடுத்து, வார இறுதியைத் தவிர்த்துச் செவ்வாய்க்கிழமை கிளப்பிவிட்டவர்தான் அந்த வருடம் நல்ல பெயர் எடுத்தார்.

நான்கு காகிதங்கள்

கூகுள் டிரெண்ட்ஸ் என்ற இலவசக் கருவியைப் பலரும் பார்க்கிறார்கள். அதில் காட்டும் 100 என்பது தேடியவர்களின் தலைக்கணக்கு இல்லை. நாம் தேர்ந்தெடுத்த காலத்தில், தேர்ந்தெடுத்த ஊரில் அந்தச் சொல் உச்சம் தொட்ட நாளுக்கு 100 என்று வைத்து, மற்ற நாட்களை அதற்கு எதிரே நிறுத்திக் காட்டும். கொஞ்சம் பேர் தேடிய ஊருக்கும் 100 வரும், பத்து லட்சம் பேர் தேடிய ஊருக்கும் 100 வரும். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த மேடு பள்ளத்தைப் பார்த்து ஹோட்டலுக்கு அட்வான்ஸ் கட்டுகிறவர்களை என்ன சொல்வது! அதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. ஐந்து வருடத்தை விரித்துவைத்து, தமிழ்நாடு என்று வடிகட்டினால், ஓர் இடத்தை மக்கள் எந்த மாதத்தில் தேடத் தொடங்குகிறார்கள் என்று தெரியும். ஸ்டேட்டஸ் போட வேண்டிய மாதம் அதுதான். கிளம்பும் மாதத்தில் போட்டுப் பயனில்லை.

என்னைக் கேட்டால், அபிராமபுரத்து ஏஜென்டுக்கு அதைவிட நம்பகமான டிரெண்ட் நான்கு காகிதங்களில் இருக்கிறது: விசா அறிவிப்பு, விமானங்களின் புதிய அட்டவணை, பள்ளி லீவுப் பட்டியல், பாம்புப் பஞ்சாங்கம்.

அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும். மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. இடையிலும் புது வழித்தடங்கள் முளைக்கும். 2024 டிசம்பர் 21இல் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் விட்டது. இளசுகளுக்கு அது ஜார்ஜ் டவுன் சுவரோவியமும் தெருவோரச் சாப்பாடும். மயிலாப்பூர்ப் பக்கத்து வாடிக்கையாளருக்கோ பினாங்கு என்றால் தண்ணீர்மலை முருகன். புது விமானம், விசா இல்லை, ஐம்பது நாளில் தைப்பூசம். இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதத் தெரிந்தால் போதும், விளம்பரத்துக்கு வேறு வார்த்தை வேண்டாம்.

அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் இண்டிகோ யாழ்ப்பாணத்துக்கும் பறக்கிறது. இலங்கை என்றதும் பொதுவான போஸ்டர் கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை என்று போகும். ஆனால் தேவாரத் தலங்களை ஒவ்வொன்றாகச் சேவித்துக்கொண்டு வருகிற ஒரு கூட்டம் இந்தப் பகுதியில் நிறைய. அவர்கள் நோட்டில் கடலுக்கு அப்பால் இரண்டு தலங்கள் பாக்கி நிற்கும்: திருக்கேதீஸ்வரம், திருக்கோணமலை. நடுவே நல்லூர், கீரிமலை. கொழும்பில் இறங்கி நாள் முழுதும் காரில் வடக்கே போன காலம் போய், யாழ்ப்பாணத்திலேயே இறங்கலாம் என்பது அவர்களுக்குச் சுற்றுலாச் செய்தியே இல்லை. கும்பாபிஷேக அழைப்பு மாதிரி.

வைணவர்களின் நோட்டு இன்னும் சுவாரஸ்யம். 108 திவ்ய தேசங்களில் இரண்டு இந்த உலகத்தில் இல்லை, மீதி 106. தென்னாட்டுத் தலங்களைப் பலரும் ஐம்பது வயதுக்குள் முடித்துவிடுகிறார்கள். மிச்சம் வடக்கே: பத்ரி, தேவப்பிரயாகை, ஜோஷிமட், துவாரகை, மதுரா, ஆயர்பாடி, நைமிசாரண்யம், நேபாளத்துச் சாளக்கிராமம். அயோத்தியும் அதில் ஒன்று. 2024 ஜனவரி 22இல் ராமர் கோயில் பிராண பிரதிஷ்டை நடந்தபோது நாடே அயோத்திக்குப் போக நினைத்தது. “மாமி, எல்லாரும் அயோத்தி போறாளாமே, நமக்கு எப்போ?” என்று கேட்டவரிடம், “ஜனவரியில் வேண்டாம், கூட்டம் தாங்காது. பங்குனி முடியட்டும், நைமிசாரண்யத்தையும் சேர்த்துப் பண்ணிடலாம்” என்று சொல்லத் தெரிந்ததுதான் மார்க்கெட்டிங். டிரெண்ட் அயோத்தியைக் கொடுத்தது. நைமிசாரண்யத்தைச் சேர்த்ததும், மூன்று மாதம் தள்ளிப்போட்டதும் ஏஜென்டின் மூளை.

பஞ்சாங்கம் சொல்லும் மற்றவை: ஆடியில் கல்யாணம் இல்லை, எனவே ஆடி, ஆவணி முற்பாதியில் ஹனிமூனும் இல்லை. மஹாளய பட்சத்துக்கு முன்பே கயாவுக்கு டிக்கெட் கேட்பார்கள். 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் மகா கும்பமேளா நடந்தபோது விமானக் கட்டணம் எகிறியது. ஐப்பசியிலேயே சீட் பிடித்தவர்கள் தப்பித்தார்கள்.

பக்தியை வைத்து வண்டியை நிரப்புவது புதிதல்ல. 1841 ஜூலை 5இல் தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு சுமார் 500 பேரை ரயிலில் ஏற்றிப்போனது ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்குத்தான். அன்றைய இங்கிலாந்தின் டிரெண்ட் அது. நம் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்களில் முதலாவது, 2022 ஜூன் 14இல் கோவையிலிருந்து ஷீரடிக்குக் கிளம்பியது. தமிழ் வாசகர்களுக்கு வெளிநாட்டு ஆசையை ஊட்டியது பத்திரிகைகள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாரும், ஆனந்த விகடனில் ‘இதயம் பேசுகிறது’ எழுதிய மணியனும் இன்ஸ்டாகிராம் இல்லாமலேயே செய்த வேலை அது. 1973இல் எம்.ஜி.ஆர். ‘உலகம் சுற்றும் வாலிப’னில் ஜப்பானைக் காட்டினார். பார்த்தவர்களில் எத்தனை பேர் போக முடிந்தது என்பது வேறு விஷயம்.

போஸ்டரில் இல்லாத வரிகள்

வெளிநாட்டில் வண்டி, ஹோட்டல், கைடு எல்லாம் ஏற்பாடு செய்கிற கம்பெனியை டி.எம்.சி. என்பார்கள். அவர்கள் பளபளவென்று ஒரு போஸ்டர் அனுப்புவார்கள். ஏஜென்டின் பெயரும் நம்பரும் போட இடம் விட்டிருக்கும். நூறு ஏஜென்டுகள் அதே போஸ்டரை நூறு குழுக்களில் போடுவார்கள். ஒரே கட்டடத்தில் இருவர் போட்டு, விலை நானூறு ரூபாய் வித்தியாசப்பட்டு, சண்டை வந்த கதைகளும் உண்டு.

தொழில் தெரிந்தவரின் செய்தி வேறு மாதிரி இருக்கும். நேபாளத்து முக்திநாத்துக்கு இப்படி:

“ஜோம்சோம் விமானம் காலையில் மட்டும், காற்று அடித்தால் அன்று இல்லை, அதனால் போக்ராவில் ஒரு நாள் உபரியாக வைத்திருக்கிறேன். கோயில் 3,700 மீட்டருக்கு மேலே. படி உண்டு, குதிரை உண்டு, மூச்சு வாங்கும். டாக்டரிடம் கேட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அட்டை எடுத்து வரவும்; 15 வயதுக்கு மேல், 65க்குள் இருப்பவர்களின் ஆதாரை ஏற்க மாட்டார்கள். ராத்திரி சாதம், ரசம், தயிர் உண்டு.”

ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை. ஆனால் எழுபதைத் தொடும் தம்பதி மனதில் ஓடும் கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. லிஃப்ட் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா, தயிர்சாதம் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் இந்தப் பேட்டையில் ஒரு புக்கிங்கும் முடியாது. அதே ஏஜென்டிடம் நாலாவது மாடி ஐ.டி. பையன், “அக்கா, புக்கெட்ல ஒரு இடமும் சுத்த வேணாம், ரூம்லயே படுத்திருக்கணும்” என்பான். அவனுக்கு நாலு வரி, அவர்களுக்குப் பத்து வரி.

ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு 2025 கோடையில் அரசின் கைலாச மானசரோவர் யாத்திரை மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டு இடம் 750 பேருக்குத்தான். வயது 18 முதல் 70 வரை. செய்தி வந்த அன்றே போன் செய்தவர்களில் எழுபதைத் தாண்டியவர்களுக்கு ‘முடியாது’ என்று பக்குவமாகச் சொல்லி, அவர்கள் ஆசை வாடிப்போகும் முன் வேறு யாத்திரை ஒன்றைக் காட்டுவதும் இந்தத் தொழிலில் ஒரு கலை.

காசு எங்கே வருகிறது?

விமான டிக்கெட்டில் பெரிதாக இல்லை. 2008 வாக்கில் விமான கம்பெனிகள் ஏஜென்ட் கமிஷனைப் பூஜ்யமாக்கிவிட்டன. வீட்டு ஏஜென்ட், ஏஜென்டுகளுக்கான பி2பி போர்ட்டலில் வாலட்டுக்குப் பணம் போட்டு டிக்கெட் எடுக்கிறார். இந்தச் சின்ன ஏஜென்டுகளின் சந்தை எவ்வளவு பெரிது என்பதற்கு, அவர்களை நம்பி நடக்கும் டி.பி.ஓ. டெக் நிறுவனம் 2024 மே மாதம் பங்குச் சந்தைக்கே வந்ததைச் சொல்லலாம். சம்பாத்தியம் ஹோட்டல், வண்டி அடங்கிய லேண்ட் பேக்கேஜில் வைக்கும் மார்க்-அப்பிலும், இன்ஷூரன்ஸ், விசா வேலைகளிலும்தான்.

அதன்மேல் பேக்கேஜுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வெளிநாடு என்றால், விற்பவரே வசூலித்துக் கட்டும் டி.சி.எஸ். வரி வேறு. 2023 அக்டோபர் 1 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது; 2025 ஏப்ரலில் அந்த எல்லை 10 லட்சமானது; 2026 பட்ஜெட் எல்லையை எடுத்துவிட்டு ஒரே சீராக 2 சதவீதமாக்கியது. நான்கு லட்ச ரூபாய்க் குடும்ப டூருக்கு முன்பு 20,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும், இப்போது 8,000. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று எவ்வளவு சொன்னாலும், கஸ்டமருக்கு அது ஏஜென்ட் கூட்டிப்போட்ட விலையாகத்தான் தெரியும். டிக்கெட் மட்டுமோ, ஹோட்டல் மட்டுமோ வாங்கினால் டி.சி.எஸ். வராது. சேர்த்து வாங்கினால்தான் பேக்கேஜ். இது தெரிந்த வாடிக்கையாளர் ஏஜென்டிடம் ஐட்டினரியை மட்டும் வாங்கிக்கொண்டு, டிக்கெட்டை ஓர் ஆப்பிலும் ரூமை இன்னோர் ஆப்பிலும் போட்டுக்கொள்கிறார். வீட்டு ஏஜென்டுகளின் பெரிய வயிற்றெரிச்சல் இதுதான்.

டிரெண்ட் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது 2025இல் தெரிந்தது. ஏப்ரல் 22இல் பஹல்காம் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே மாத லீவுக்குக் காஷ்மீர் போடாத ஏஜென்ட் இல்லை என்கிற அளவுக்குப் புக்கிங் இருந்த நேரம் அது. அடுத்த மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டு, வட இந்திய விமான நிலையங்கள் பல மூடப்பட்டன. பாகிஸ்தானை ஆதரித்த துருக்கி, அஜர்பைஜான் வேண்டாம் என்ற குரலும் சேர்ந்துகொண்டது. பெரிய கம்பெனிக்குக் கால் சென்டர் இருக்கிறது. வீட்டு ஏஜென்டுக்கு? பணம் கொடுத்தவர் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி. தினமும் லிஃப்டில் பார்த்தாக வேண்டும். ஹோட்டல்காரர் அட்வான்ஸைத் திருப்ப முடியாது, தேதி மாற்றித்தருகிறேன் என்பார்; கஸ்டமருக்குத் தேதி வேண்டாம், பணம் வேண்டும். கைக்காசு போட்டுத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு, கேன்சல் ஆனால் எவ்வளவு திரும்பும் என்பதை முதல் குவோட்டேஷனிலேயே தமிழில் எழுதிவிடும் பழக்கம் சிலருக்கு வந்திருக்கிறது.

வருவோர் பக்கமும் ஒரு சந்தை உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. மார்கழியில் மியூசிக் அகாடமிக்கும் நாரத கான சபாவுக்கும் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பேட்டை இது. டிசம்பரில் பாதி ஃபிளாட்டுகளில் அமெரிக்கப் பிள்ளைகள், பேரன்கள். கச்சேரிக்கு நடுவே இரண்டு நாள் கிடைத்தால் கும்பகோணம், நவக்கிரகம், காரைக்குடி. அவர்களுக்கு ஒரு டெம்போ டிராவலரும் நல்ல டிரைவரும் ஏற்பாடு செய்வதில், பாங்காக் குரூப் ஒன்றை அனுப்புவதைவிட அலைச்சல் குறைவு, மிச்சம் அதிகம்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில், சரியாக அந்த சீசன் தொடங்கும் நேரத்தில்தான், இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தாயின. ஆப்பில் டிக்கெட் போட்டவர்கள் எழுதினால் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த வாரம் அபிராமபுரத்து ஏஜென்டுகளுக்கு வந்த போன்களில், அவர்களிடம் டிக்கெட்டே எடுக்காதவர்கள் பலர்: பெங்களூருக்கு ரயில் கிடைக்குமா, ரீஃபண்ட் எப்படிக் கேட்பது? ஓசியில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சிலர் இப்போது ஐட்டினரி போட்டுத்தரவே தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அவர்களிடமே புக் செய்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். மயிலாப்பூர் வட்டாரத்தில் அதைக் கேட்டு வாங்குவதற்குத் தாய்லாந்தை விற்பதைவிட அதிகச் சாமர்த்தியம் வேண்டும்.